இலேசான ஸ்டியரிங்

மார்ச் மாதம் பதினேழாம் நாள் விபத்து விசாரணை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பலகை ஏற்றிச் சென்ற பழைய லாரி வளைவில் கவிழ்ந்ததற்கும், ஓட்டுநர் இறந்ததற்கும் அவருடைய கவனக்குறைவே காரணம் என்றும், அவர் கண்ணயர்ந்திருக்கக்கூடும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த அறிக்கை தவறானது. தவறு என்பதை முழுதும் அறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் அந்த லாரியைப் பழுதுபார்த்த மெக்கானிக். இறந்தவருக்குத் தம் தங்கையைக் கட்டிக்கொடுத்தவர். அறிந்திருந்தும் அவர் வாய் திறக்கவில்லை.

அந்த லாரி இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கின்மேல் நிற்கிற பழைய வகை. அதைத் திருப்புவதென்றால், முரண்டு பிடிக்கும் மாட்டைக் கொம்பைப் பற்றித் திருப்புவது போல. ஆண்டுக்கணக்கில் அப்படித் திருப்பியதில் ஓட்டுநரின் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஒருநாள் தங்கை பட்டறைக்கே வந்து அண்ணனிடம் முறையிட்டாள்.

"சட்டை போடக்கூட கை தூக்க முடியல அண்ணே. நான்தான் மாட்டிவிடுறேன். பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி நிக்கிறாரு."

மெக்கானிக்குக்கு மனம் தாளவில்லை. உடைப்புக்கு வந்த வேறொரு லாரியிலிருந்து பவர் ஸ்டியரிங் பெட்டியையும் பம்பையும் கழற்றி எடுத்தார். புதிய எண்ணெய்க் குழாய்கள் போட்டுத் தம் கையாலேயே பொருத்திக் கொடுத்தார். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து ஒற்றை விரலால் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

"மச்சான், இது ஸ்டியரிங்கா, ரேடியோ குமிழா?"

"அந்த விரலுக்கு ஒரு மோதிரம் போட்டுக்க மாப்ள. இனிமே வேலையெல்லாம் அதுக்குத்தான்."

"உன் தங்கச்சி பேச்சைவிட இலேசாத் திரும்புதுய்யா."

"இதை வீட்டுல போய்ச் சொல்லு, ஆம்பளைன்னு ஒத்துக்கிறேன்."

சிரித்தார்கள். பாதி வேலைதான் முடிந்திருந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட லாரிகளில் பின் அச்சை ஒட்டி வளைந்த கம்பி ஒன்று குறுக்கே போகும். ஸ்டெபிலைசர் கம்பி என்பார்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு மறுபக்கத்தையும் கீழே இழுக்கும், சாய்வு அடங்கும். ஆனால் கல்குவாரிப் பாதைக்கு அது ஆகாது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் வண்டி முழுவதையும் உலுக்கி எடுத்துவிடும். ஆகவே குவாரிக்கு ஓடும் ஓட்டுநர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றச் சொல்வது வழக்கம். இந்த லாரியிலும் அப்படித்தான், கழற்றியவர் மெக்கானிக்கே. பிறகு லாரி குவாரியை விட்டுத் தார்ச்சாலையில் பலகை ஏற்றத் தொடங்கியது. கம்பியைத் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். அதைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வளையங்களான புஷ்கள் மக்கிப்போயிருந்தன, புதியவை வந்துசேரவில்லை.

"வரட்டும் மச்சான், அடுத்த தடவை போட்டுக்கலாம். இத்தனை வருஷம் அது இல்லாமயா ஓட்டல?"

அந்த நியாயம் மெக்கானிக்குக்கும் சரியாகவே பட்டது. அவ்வளவு காலமும் அந்த லாரியை நிமிர்த்தி வைத்திருந்தது அந்தக் கனத்த ஸ்டியரிங்தான் என்பது இருவர் புத்திக்கும் எட்டவில்லை. கை வலிக்குமே என்று ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்த மனிதர், வலி போனதும் குறைக்க மறந்தார். அன்று அந்த வளைவில் சக்கரம் நினைத்த மாத்திரத்தில் திரும்பியது. உயர அடுக்கிய பலகைப் பாரமோ வந்த திசையிலேயே போகப் பார்த்தது. சாய்ந்ததை இழுத்துப் பிடிக்க அடியில் ஒன்றும் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி பட்டறை வாசலில் நின்றபடியே கேட்டார்: "ஸ்டியரிங்ல ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

"இல்லைங்க. நானே போட்டது. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அது உண்மை. அதற்குமேல் அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வண்டியில் குற்றமில்லை என்றானபின் குற்றத்தைச் சுமக்க மனிதர்தானே மிச்சம்? அதுவும் வாய் திறந்து பேச முடியாத மனிதர்.

அறிக்கை கைக்கு வந்து பத்தாம் நாள் தங்கை பட்டறைக்கு வந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தாள். முகம் கழுவிக்கூடப் பல நாளானவள்போல இருந்தாள்.

"அவரு தூங்கிட்டாருன்னு எழுதியிருக்காங்க அண்ணே."

"ம்."

"நான்தான் தூங்கவிடல."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முந்தின ராத்திரி சண்டை. 'உங்க அம்மாவை உங்க அண்ணன் வீட்டுல விடுங்க'ன்னு அவருகிட்ட ஆரம்பிச்சேன். அதோட விட்டேனா? பழசு புதுசு எல்லாத்தையும் இழுத்தேன். மனுஷன் சுவரைப் பாத்துப் படுத்திருந்தாரு. கண்ணு மூடல, எனக்குத் தெரியும். நான் வாயை அடக்கியிருந்தா தூங்கியிருப்பாரு. தூங்கியிருந்தா இருந்திருப்பாரு."

ஒன்றும் சொல்லாமலே இருந்துவிடலாம். அறிக்கையே அவருக்குத் துணை. சொன்னால் பட்டறையின் பெயர் போகும். கூடப் பிறந்தவளும் போவாள். அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். ஒன்றையொன்று பிசைந்து பிசைந்து அவை சிவந்திருந்தன.

"அவரு தூங்கல" என்றார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"கவுந்த வண்டியைப் போய்ப் பாத்தேன். முன்சக்கரம் நல்லாத் திரும்பியிருந்துச்சு. தூங்குறவன் நேராப் போவான்மா, வளைவுல திருப்ப மாட்டான். டயர் தடமும் வளைவோட வளைவாத்தான் போயிருக்கு."

"அப்புறம் ஏன் கவுந்துச்சு?"

அவர் சொன்னார். கம்பி, புஷ், இலேசான ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் இடைமறிக்காமல் கேட்டாள்.

"ஆபீசருகிட்ட ஏன் சொல்லல?"

"அவரு கேக்கல."

"நானும் கேக்கலன்னா எங்கிட்டயும் சொல்லியிருக்க மாட்ட."

அவர் கீழே வைத்த ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"இத்தனை நாளா நான் சுவரைப் பாத்துப் படுத்திருக்கேன். நீ தினமும் வந்து, சாப்டியாம்மான்னு கேட்டுட்டுப் போன."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா. இப்பவே ஆபீசுக்குப் போவோம்."

இருவரும் சென்றார்கள். அதே அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகவே கேட்டார், பிறகு சொன்னார்: "கம்பி இல்லைன்னு டிரைவருக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சும் அந்த வேகத்துல போனா, அதுவும் கவனக்குறைவுதாங்க. அறிக்கை முடிஞ்சுபோச்சு." 'கண்ணயர்ந்திருக்கக்கூடும்' என்னும் சொல்லையாவது நீக்குமாறு தங்கை கேட்டாள். "கூடும்னுதானே போட்டிருக்கு" என்றார் அவர்.

வெளியே வந்ததும் மெக்கானிக் தம் வண்டியின் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறவில்லை; வெயிலில் தனியாக நடந்து போனாள். அதன்பின் அவள் அவரை அண்ணே என்று அழைக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் லாரி இல்லாமலிருக்கலாம். ஆயினும், உங்கள் வீட்டுக் கதவும் நீங்கள் எழுதும் மேசையும் ஏதோ ஒரு லாரியில் வந்தவையே. அடுத்த முறை உங்கள் வாசலில் பழைய லாரி ஒன்று சரக்கு ஏற்ற வந்து நின்றால், குனிந்து அதன் பின் அச்சைப் பாருங்கள். குறுக்குக் கம்பி இல்லையென்றால் அதன் முதலாளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதை மாட்டிக் காட்டும்வரை உங்கள் சரக்கில் ஒரு பலகையைக்கூட அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.