ஏழாம் மேஜை ஒயின்

அண்ணியும் நானும் வேலை பார்த்த உணவகத்தில் கோப்பை கழுவும் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு தொட்டிகள், ஒரு வெந்நீர்க் குழாய், ஆவி. அந்தச் சோப்பு நீர் அண்ணியின் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. கையுறை போட்டால் உள்ளே வேர்த்து இன்னும் மோசம். "தண்ணி வேலையை விட்டாத்தான் கை தேறும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டால் வேறு வேலைக்கு எங்கே போவது?

அப்போதுதான் கூடத்தில் ஒயின் பரிமாற ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. மூன்று கோப்பைகளை முகர்ந்து, எது எந்த ஒயின் என்று இரண்டையாவது சரியாகச் சொல்ல வேண்டும். பரீட்சை வைப்பவரை எல்லோரும் மூக்கு என்பார்கள். ஒயின் பொறுப்பு அவருடையது. அண்ணியைவிடப் பத்து வயது இளையவர்.

அண்ணி பெயர் கொடுத்ததும் சமையல்காரர் சிரித்தார். "ஒயின்ல உனக்கு என்னம்மா தெரியும்? சிவப்பு, வெள்ளை. அவ்வளவுதானே?"

"அதுவே பாதிப் பரீட்சை அண்ணே. மீதிப் பாதிக்கு நாள் இருக்கு."

பாட்டிலை யார் எங்களுக்குத் திறந்து காட்டுவார்கள்? கழுவ வரும் கோப்பைகளின் அடியில் இரண்டு சொட்டு தங்கியிருக்கும். அண்ணி ஒவ்வொன்றையும் கழுவுமுன் மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். எந்த மேஜை என்ன கேட்டது என்ற சீட்டு சமையலறைச் சுவரில் தொங்கும். அந்த அந்நிய எழுத்துகளைக் கூட்டிப் படித்துச் சொல்வது என் வேலை.

முதல் வாரம் எல்லாமே அவளுக்குப் புளித்த சாறுதான். இரண்டாவது வாரம் ஒரு கோப்பையை என்னிடம் நீட்டினாள். "இங்க பாருடி. பென்சில் சீவின மாதிரி இல்ல?"

முகர்ந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் மறந்தே போயிருந்த வாசனை. "ஆமா அண்ணி!" என்று கத்திவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஒன்றில் காய்ந்த ரோஜா. ஒன்றில் மழைக்கு நனைந்த கல். ஏழாம் மேஜைக்குத் தனியாக வந்து சாப்பிடும் ஓர் அம்மாளின் ஒயினில் புதுச் செருப்பின் தோல். ஆறு வாரத்தில் பதினொரு ஒயினை அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

பரீட்சை மாலை நான்கு மணிக்கு. கழுவிய கோப்பைத் தட்டு ஒன்றைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு கூடத்து வாசலில் நின்றேன். மூக்கு மூன்று பாட்டில்களைத் திறந்து ஊற்றினார். அண்ணி முதல் கோப்பையை முகர்ந்தாள். முகம் வாடிவிட்டது. ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள்.

"இல்லக்கா. அடுத்தது பாருங்க."

"ஒண்ணுமே வரல தம்பி. ஆளு உள்ள இருக்கு, கதவத் திறக்கமாட்டேங்குது."

"பயந்துட்டீங்க. மூச்ச இழுத்து விட்டுட்டு மறுபடி பாருங்க."

பயம் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கூடத்தில் நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தட்டிலிருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன.

"அது... அண்ணி பார்த்ததெல்லாம் மிச்சம்."

மூக்கு திரும்பினார். "யாரு பேசுறது, தட்டா?"

"அவங்க புதுசாத் திறந்தத மோந்ததே இல்ல. சாப்பிட்டு எழுந்தவங்க விட்டுட்டுப் போனதத்தான்..."

அண்ணிக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "குடிக்கல தம்பி. மோந்து மட்டும்தான் பார்த்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் ஆன மிச்சம்?"

"ஒண்ணரை மணி நேரம் ஆகும், ஒரு மேஜை எழுந்திருக்க" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூடம் திறப்பது ஆறு மணிக்கு. "சரி, காத்திருப்போம். காத்துப் படப்பட இதோட வாசனை மாறும். முதல் கோப்பைக்குச் சொன்ன பதில் சொன்னதுதான், மாத்த முடியாது. சும்மா ஏன் உட்காரணும்? அந்தத் துணிய எடுங்க."

மூன்று பேரும் மேஜைத் துணி மடித்தோம். கால் மணிக்கு ஒரு தடவை அண்ணி எழுந்துபோய் முகர்ந்தாள். "இன்னும் இல்ல." மறுபடியும், "இன்னும் இல்ல." ஐந்தே காலுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கோப்பைக்குள் முகத்தை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் மேஜை அம்மா!" என்றாள். பிறகுதான் நினைவு வந்து ஒயினின் பெயரைச் சொன்னாள். மூன்றாவதன் பெயரை அதைவிட வேகமாகச் சொன்னாள்.

மூக்கு தலையாட்டினார். "ரெண்டும் சரி. ஒவ்வொண்ணும் எப்படி முடியும்னு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. எப்படி ஆரம்பிக்கும்னுதான் தெரியல. அத நாளையிலேர்ந்து பார்த்துக்கலாம். இப்ப ஒரு வாய் குடிங்கக்கா."

அண்ணி குடித்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயின. "துவர்க்குது." சற்றுப் பொறுத்து, ஆச்சரியமாக, "முழுங்கிட்டேன் தம்பி, ஆனா இன்னும் போகாம இருக்கு" என்றாள்.

"அதுக்காகத்தான் அந்தம்மா தனியா வர்றாங்க" என்றார் மூக்கு.

அண்ணி கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "நீ அங்க தொட்டிகிட்ட தனியா நிக்கணுமேடி."

"நான் நின்னுக்கிறேன். நீங்க கோப்பைய உடைக்காம கொண்டுவந்து குடுங்க, அது போதும்" என்றேன்.