துண்டுக்குள் இருந்தவர்

ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரைத் தோளில் தூக்கியபோது, அவர் மனைவி மேலே பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். தட்டித் தட்டி உள்ளங்கை எரிந்தது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கி, "அது எங்க வீட்டுக்காரர்" என்று வேறு சொன்னாள். இந்தப் போட்டித் தொடர் தொடங்கியதிலிருந்து அடிமேல் அடி வாங்கிய கூடைப்பந்து அணி அது. இன்றுதான் முதல்முறையாக ஜெயித்திருக்கிறது.

கீழே, முகத்தை மூடிய துண்டோடு அவர் தலை பின்னால் சாய்ந்து தொங்கியது. சந்தோஷத்தில் சாய்கிறார் என்று நினைத்தாள். அவர் கை சரிந்து ஓர் ஆட்டக்காரனின் முகத்தில் விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டே அதை எடுத்து மேலே போட்டான். மறுபடியும் விழுந்தது. அவன் சிரிப்பு பாதியில் நின்றது. சுமந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். யாரோ வீறிட்டார்கள். அதற்குப் பிறகும் அவள் கைகள் சற்று நேரம் தட்டிக்கொண்டுதான் இருந்தன. கைகளுக்கு யார் போய்ச் சொல்வது?

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அணி சொதப்பும்போது மற்ற பயிற்சியாளர்களைப்போல் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொள்ள மாட்டார். வெள்ளைத் துண்டைத் தலையோடு முகத்தை மூடிப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். "துண்டுக்குள்ள போயிட்டேன்னா நான் ஊர்லயே இல்லைன்னு வெச்சுக்கோங்க. உங்க பாட்டை நீங்க பாத்துக்கோங்க" என்பார். அதுதான் சட்டம். துண்டைத் தொட்டவன் அரங்கத்தைச் சுற்றி ஓடியே நாக்குத் தள்ளிப்போவான். துணைப் பயிற்சியாளர்கூட அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கேட்க மாட்டார், ஆளை மாற்றுவதும் இறக்குவதும் அவராகவே செய்துகொள்வார். பழைய அணியில் இது பிரசித்தம். துண்டு விழுந்துவிட்டால் எதிரணிக்காரர்களே 'போச்சுடா' என்று முனகுவார்கள். அதன் பிறகு பையன்கள் வெறிபிடித்தவர்கள்போல் ஆடுவார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். வாக்குவாதம் முற்றினால் சோபாவில் உட்கார்ந்து துண்டைப் போட்டுக்கொள்வார். அவளும் விடாமல் துண்டோடு பேசி, துண்டைத் திட்டி, கடைசியில் துண்டிடமே சாப்பிட வரச் சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். துண்டுக்குள் அவர் ஊரில்தான் இருக்கிறார். அவருடைய வலது கால் மெதுவாகத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கோப்பை மேல் கோப்பை வாங்கிய பழைய அணியை விட்டுவிட்டு இந்த அணிக்குப் போகிறேன் என்று அவர் சொன்ன நாளிலும் பெரிய சண்டைதான். "அந்த டீமுக்கு ஜெயிக்கிறதுன்னா என்னன்னே தெரியாது. இந்த வயசுல போய் ஏன் பேரைக் கெடுத்துக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"மூணு மடங்கு சம்பளம் தர்றேங்கிறாங்க. வேற என்ன வேணும்?" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பளத்தைக் கூட்டிக் கேள் என்று அவள் தலைதலையாக அடித்துக்கொண்டபோதெல்லாம் வாயே திறக்காத மனிதர். அன்றிலிருந்து அவரைச் 'சம்பளக்காரரே' என்றுதான் கூப்பிட்டாள். பாதி கேலி, பாதி கோபம். புதிய அணியின் ஆட்டத்தைப் பார்க்கவும் போகவில்லை. ஆட்டத்தன்று காலை அவர் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, "சம்பளக்காரரே, இன்னைக்கு யார்கிட்ட உதை வாங்கப் போறீங்க?" என்றாள். அவர் நிமிராமலே, "வந்துதான் பாரேன்" என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைத் தனியே உட்காரவைத்துச் சொன்னாள். மாரடைப்பு. வலி பெரிதாக இருந்திருக்காது.

"எப்போன்னு சொல்ல முடியுமா?"

"பையன்கள் சொல்றதை வெச்சுப் பார்த்தா, துண்டைப் போட்டுக்கிட்ட கொஞ்ச நேரத்துலயே நடந்திருக்கணும்மா. ஆட்டம் முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே."

கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொன்னால் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினாள். பிறகுதான் அது மெதுவாக உள்ளே இறங்கியது. அப்படியானால் கால்.

அவள் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் அவளுக்கு அவ்வளவாகப் புரியாது, காலைப் பார்த்தால் புரியும். அது தட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள், நின்றதையும் பார்த்தாள். 'அப்பாடா, பையன்கள் ஒழுங்காக ஆட ஆரம்பித்துவிட்டார்கள், மனுஷன் நிம்மதியாகிவிட்டார்' என்றுதான் நினைத்தாள். நினைத்துவிட்டு, மடியில் இருந்த பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றாள். முழுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பழைய அணியின் நிர்வாகிகள் கோட்டு சூட்டோடு வந்து, மாலை வைத்து, நாற்காலிகளில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர் காலடியில் சுவரில் சாய்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. அடிக்கடி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். அவை இன்னும் சிவந்திருப்பதுபோல் பட்டது, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவருடைய தம்பி வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். "ராஜா மாதிரி இருந்த இடத்தை விட்டுட்டுப் போனாரு. எல்லாம் பணம் பண்ற வேலை. ஒருத்தனாவது பக்கத்துல போய்ப் பார்த்திருந்தா இன்னைக்கு உயிரோட இருப்பாரு."

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. புதிய அணிக்காரர்கள் இறங்கினார்கள். முதலில் இறங்கியவன் அணித்தலைவன். இருப்பதிலேயே உயரம் குறைவென்பதால் மற்றவர்கள் அவனைக் குள்ளன் என்று கூப்பிடுவார்கள். அந்தக் குள்ளனே நம் வீட்டு நிலைவாசலில் தலை இடித்துக்கொள்வான் என்று அவர் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "எங்கடா வர்றீங்க? ஒருத்தனுக்காவது அந்தத் துண்டை எடுத்துப் பார்க்கணும்னு தோணுச்சா? செத்துப்போனவரைத் தோள்ல தூக்கிட்டு ஆடியிருக்கீங்களேடா."

அத்தனை பெரிய உடம்புகளும் வெயிலில் குறுகி நின்றன. அவர் கையைச் சிரித்துக்கொண்டே எடுத்து மேலே போட்டவன், வேனின் கதவைப் பிடித்தபடி இறங்காமலே நின்றான்.

அவள் எழுந்தாள். மகள் தடுத்தும் கேட்காமல் வாசலுக்குப் போனாள்.

குள்ளன் அவளைப் பார்த்ததும் கைகூப்பினான். "நாங்க உள்ள வரலைக்கா. வரவும் தகுதியில்லை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறோம்." ஆனால் அதைக் கேட்காமல் வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தான். "இதுக்கு முன்னாடி வந்த கோச்சுங்க எல்லாம் உங்களைச் சாம்பியன் ஆக்குறேன்னு சொல்லிட்டு வந்து, ரெண்டு தோல்வியிலயே மூட்டையைக் கட்டிட்டாங்க. இவர் வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு. 'நான் சம்பளத்துக்கு வந்திருக்கேன். நல்ல சம்பளம். நீங்க தோத்தாலும் அது வந்துடும். அதனால என்னை நினைச்சு யாரும் பயப்படாம ஆடுங்க'ன்னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சிட்டோம். அதுக்கப்புறம் எங்களுக்கு நிஜமாவே பயம் விட்டுப்போச்சுக்கா."

அவள் அவனையே பார்த்தாள்.

"நாங்க ஜெயிச்சதை அவர் பார்த்தாராக்கா?"

பார்த்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் முகம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது. அவளுக்கும் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால், தான் பார்த்ததைக் காலத்துக்கும் தனக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். வாசலில் நிற்கும் இவர்கள் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு திரும்பிப் போவார்கள்.

"பார்க்கலைப்பா" என்றாள்.

தம்பி திரும்பிப் பார்த்தார். "அண்ணி, நீங்க உள்ள போங்க."

"இருங்க. அவர் துண்டு போட்டா கால் தட்டிட்டே இருக்கும். நான் மேல இருந்து அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். எதிராளி கையிலேர்ந்து பந்தைப் பிடுங்கிட்டு வந்து நீங்க வரிசையா கூடையில போட்டீங்களே, கூட்டமெல்லாம் கத்துச்சே, அதுவரைக்கும் தட்டிட்டிருந்தாரு. அதுக்கப்புறம் நின்னுபோச்சு." அவள் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "நின்னதை நான் பார்த்தேன். கண்ணால பார்த்தேன். இந்தப் பிள்ளைங்களுக்குக் காலைப் பத்தித் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உட்கார்ந்து பாப்கார்ன் தின்னுட்டிருந்தேன். கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க."

உள்ளே நாற்காலிகள் அசையும் சத்தம் கேட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலை மறித்திருந்த தம்பியின் கை தானாகக் கீழே இறங்கியது.

"சம்பளத்துக்குத்தான் போனாரு. அதுல என்ன தப்பு?" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு குள்ளனிடம், "உள்ள வாங்க" என்றாள்.

ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து நுழைந்தார்கள். முன்னறைக் கூரைக்கு அவர்கள் உயரம் அதிகம். மின்விசிறியில் இடிக்காமல் ஒதுங்கி, நாற்காலிக்காரர்களைத் தொந்தரவு செய்யாமல், கிடைத்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். நீளமான கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள். கடைசியாக வந்தவனுக்கு இடமே இல்லை. அவள் சுவரோரம் நகர்ந்து அவனுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.

தம்பி அடுக்களைக்குப் போய் ஒரு தட்டு நிறைய டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தார். நடக்க வழி இல்லை. அறை முழுக்க முழங்கால்களாக இருந்தது. அடுக்களை வாசலிலேயே நின்று, குனிந்து, ஒரு டம்ளரை முன்னால் இருந்தவனிடம் கொடுத்தார். அவன் அதைக் குடிக்காமல் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். தண்ணீர் சிந்தாமல் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது.