பையில் பாதி மாமா

முதலில் கைக்கடிகாரம் வந்தது. அப்புறம் மோதிரம். படகு கரையை விட்டு நகர்வதற்குள் காது மெஷினையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மருமகளிடம் நீட்டினார் மாமனார்.

"பத்திரமா வச்சுக்கோம்மா."

"எதுக்கு மாமா எல்லாத்தையும் கழட்டுறீங்க?"

மெஷின் இல்லாத காதில் அது விழவில்லை. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் தோள்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். 

அவளுக்கு இந்தப் பயம் இன்றைக்குத் தொடங்கியது அல்ல. ஒரு காய்ச்சலில் கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவளும் மாமனாரும்தான். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்ததிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாத மனிதர். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி தீவுச் சுற்றுலாவுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தபோது, எப்படியும் வர மாட்டார் என்ற தைரியத்தில்தான் அவரிடம் கேட்டாள். "போலாம்மா" என்றார், சட்டென்று. அவள் தூக்கம் அன்றோடு போயிற்று.

போதாததற்கு, கிளம்புவதற்கு முன்னால் அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும் என்று காட்டினார். அவருக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்த வித்தை அது. "நீயும் தெரிஞ்சு வச்சுக்கணும்ல" என்றார். சுற்றுலாவுக்குத் துணி எடுத்து வைக்கிற நேரத்தில் எவராவது மோட்டாரைப் பற்றிப் பேசுவார்களா? திரும்பி வரப்போகிறவர் பேச மாட்டார் என்று அவள் மனம் சொன்னது. வாய்விட்டுக் கேட்பதற்குப் பதில் வால்வை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள்.

முதல் கடற்கரையில் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. படகோட்டி எல்லோருக்கும் மிதவை ஜாக்கெட் மாட்டிவிட்டு, நீச்சல் கண்ணாடியையும் மூச்சு விடும் குழாயையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, குழாயின் ரப்பர் முனையைப் பல்லால் கவ்விக் காட்டினான். மாமனாரிடம் மட்டும் சொந்தக் கண்ணாடி இருந்தது. அவர் பவருக்கு லென்ஸ் வெட்டி உள்ளே பதித்துக் கொடுத்தவள் அவளேதான். இப்போது அதுவும் உறுத்தியது.

அவர் ரப்பரைக் கடித்தார். பல்செட் நழுவியது. மறுபடி கடித்தார், மறுபடி நழுவியது. சலித்துப்போய் மேலும் கீழும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அவள் அவற்றையும் அதே கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டாள்.

எதிரே இருந்த மஞ்சள் தொப்பிக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "அக்கா, உங்க மாமா பாதி பையிலதான் இருக்காரு! மீதியை மட்டும் மீன் பாக்க அனுப்பிட்டீங்க!"

படகே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். கண் தண்ணீரிலேயே இருந்தது. கை காலை விரித்துக் குப்புற மிதக்கிற முதுகுகள், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள். யார் மீனைப் பார்க்கிறார், யார் மூச்சில்லாமல் கிடக்கிறார் என்று மேலிருந்து எப்படித் தெரியும்? திடீரென்று அவர் கை காலை உதறிக்கொண்டு எழும்பி இருமினார். "போதும், வந்துடுங்க மாமா!" என்று கையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது இடத்தில் வெறும் மணல். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள, அவர் தனியே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் படகோட்டியிடம் போனாள்.

"தம்பி, பெரியவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. மோதிரத்தைக்கூடக் கழட்டிக் குடுத்துட்டாரு."

"நான்தான்க்கா கழட்டச் சொன்னேன். மினுங்குனா மீன் வந்து கொத்தும். ஜாக்கெட் மாட்டியிருக்கற வரைக்கும் பயமே வேணாம். முங்கச் சொன்னாக்கூட முங்க முடியாது."

அவளுக்குப் பாதி உயிர் வந்தது. மூன்றாவது இடத்தில் அதுவும் போயிற்று.

பாறை ஓரமாகப் படகு நின்றது. மஞ்சள் தொப்பிக்காரியையும் இன்னும் சிலரையும் தவிர எல்லோரும் இறங்கினார்கள். அவள் குனிந்து தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது ஏணிக் கம்பியில் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. பாறைக்கு அருகில், எல்லோரையும் தாண்டி, தெரிந்த சட்டை ஒன்று குப்புற மிதந்தது. அசைவில்லை.

"மாமா!"

அவர் காது அவள் பையில் இருந்தது. படகோட்டி மறுபக்கம் யாருக்கோ கால் பிடிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். அவள் பையை மஞ்சள் தொப்பிக்காரியின் மடியில் எறிந்துவிட்டுக் குதித்தாள். நீச்சல் தெரியாது. ஜாக்கெட் அவளைத் தக்கைபோல மேலே தூக்கியது. படகின் பின்னால் மிதந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், கயிறு தீர்ந்ததும் தண்ணீரைக் கண்டபடி அறைந்து, கைக்குக் கிடைத்த சட்டைக் காலரைப் பற்றி இழுத்தாள்.

அவர் துள்ளி எழுந்தார். குழாயைத் துப்பினார். "என்னம்மா நீ! மீன் ஓடிப்போச்சு!" பல்லில்லாத வாயில் அது பாதிதான் புரிந்தது.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "திரும்பி வர்ற எண்ணம் இருக்கா இல்லையா உங்களுக்கு?"

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செவிட்டுக் காதுக்கே கேட்டுவிட்டது. அவர் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.

"காலைல இல்லம்மா."

அவள் காலரை இன்னும் இறுக்கினாள்.

"மொத இடத்துல குழாய்க்குள்ள தண்ணி ஏறிச்சு. பல்லு இல்லாம கவ்வ முடியல. சரி, வர்றது வரட்டும்னுதான் கிடந்தேன். ஆனா இந்தக் கையும் காலும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதுபாட்டுக்கு அடிச்சுப் புரண்டு மேல கொண்டாந்து விட்டுருச்சு." மூக்கைத் துடைத்தார். "வெக்கமாப் போச்சு. உன் மூஞ்சியைப் பாக்க முடியல."

"அப்போ ஜாக்கெட்டை ஏன் கழட்டினீங்க?" அவர் காதோடு வாய் வைத்துக் கத்தினாள்.

"அது தாடைல இடிச்சு, நல்லாக் குனிஞ்சு பாக்க விட மாட்டேங்குதும்மா. கீழ ஒரு பச்சை மீனு. பாறையை உக்காந்து கொறிக்குது, நம்மூட்டு ஆளு முறுக்கு திங்கற மாதிரி."

நம் வீட்டு ஆள். அவள் கணவன். ஒரு வருடமாக இருவரும் அவனைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவள் வாயில் விழுந்தது கடலின் உப்பா கண்ணின் உப்பா தெரியவில்லை.

"மாமா, அந்த வால்வு எதுன்னு மறந்துபோச்சு" என்றாள், அதே காதில்.

மறக்கவில்லை. இடது பக்கம், துருப்பிடித்த சின்னது.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "அதுக்குள்ளயா? நல்ல ஆளும்மா நீ. வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை காட்டறேன்."

"எனக்கு லேசுல மண்டைல ஏறாது."

"ஏறுற வரைக்கும் காட்டறேன். இப்ப சட்டையை விடு, கழுத்து வலிக்குது."

படகோட்டி ஜாக்கெட்டோடு நீந்தி வந்துகொண்டிருந்தான். படகிலிருந்து மஞ்சள் தொப்பிக்காரி கைக்குட்டை முடிச்சை உயர்த்தி ஆட்டினாள். "தாத்தா, பல்லு பத்திரமா இருக்கு!"

அவருக்குக் கேட்கவில்லை. படகோட்டி அவருக்கு ஜாக்கெட்டை மாட்டி, கொக்கிகளைப் பூட்டிய சத்தம் கேட்கும் வரை அவள் காலரை விடவில்லை. அதற்குப் பிறகும்தான்.