சம்பூரணம் தட்டிப் பார்த்த துப்பாக்கி

சுட்ட துப்பாக்கிக்குள் சுடப்பட்டவரின் குரல் போய்த் தங்கிவிடும். அதனால் பொங்கல் கழிந்து கூடுகிற துப்பாக்கிச் சந்தையில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களைவிடப் பிள்ளையைப் பறிகொடுத்துப் பெற்றவர்களின் கூட்டம்தான் அதிகம். எல்லையிலிருந்தும் காட்டிலிருந்தும் பாங்கு வாசல்களிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கும். பொருட்காட்சித் திடலில் ஷாமியானா போட்டு, பெஞ்சின் மேல் வெள்ளை வேட்டி விரித்து, வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். பக்கத்தில் டெல்லி அப்பளக் கடையும் ராட்டினமும் வழக்கம்போல உண்டு.

ரெபேக்காள் போன வருஷமும் போனாள், அதற்கு முந்தியும் போனாள். எபி கிடைக்கவில்லை. எபி அவளுடைய கடைசி மகன். பனிமலையில் காவல் நின்ற இடத்திலேயே குண்டு பட்டு விழுந்தவன். பெட்டி வந்தது, கொடி வந்தது, ஊர் ஜனமெல்லாம் வந்தது. குரல் மட்டும் வரவில்லை. கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று கூட இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அதைக் கேட்காமல் கண்ணை மூடக்கூடாது என்றுதான் அவள் தினமும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் மன்றாடுவாள். மூத்த பிள்ளைகள் இருவரும், போதும்மா, விட்டுடும்மா என்றார்கள். அவர்களுக்கும் சேர்த்தே ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினாள்.

இந்தத் தடவை துணைக்குச் சம்பூரணத்தைக் கூட்டிக்கொண்டாள். ஒரே தெருவுக்கு ஒரே மாதத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இருவரும். ரெபேக்காளுக்குப் பேரம் பேச வராது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கடைக்காரருக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வருவாள். சம்பூரணம் அப்படியில்லை. நுனியை ஒடிக்காமல் வெண்டைக்காய் வாங்கமாட்டாள். பானையென்றால் தட்டுவாள், தேங்காயென்றால் காதோரம் வைத்துக் குலுக்குவாள். பெண் பார்க்கப் போன வீட்டில் வருங்கால மருமகளின் பல்லை எண்ணினாள் என்று தெருவில் இன்றைக்கும் பேச்சு உண்டு. கேட்டால், பின்னே வாழப்போறவன் என் பிள்ளைடி என்பாள்.

சந்தைக்கென்று ஒரு முறைமை இருக்கிறது. துப்பாக்கியின் மரக்கட்டையில் காதை வைத்து விசையை இழுத்தால் கேட்பவருக்கு மட்டும் குரல் கேட்கும். உள்ளே போனவர் கடைசியாகச் சொன்ன பேச்சு, ஒரே தடவை. கேட்ட பிறகு அந்தக் குரல் கேட்டவரின் தொண்டையில் வந்து உட்காரும். அதே பேச்சை வாய்விட்டுச் சொன்னதும் போய்விடும். பெற்றவர்கள் கேட்ட மாத்திரத்தில் அதையே சொல்லிச் சொல்லி அழுதுவிடுவதால் குரல் யார் தொண்டையிலும் அதிக நேரம் தங்கியதில்லை. ஆகவே திடலில் யாரும் விசையைத் தொடமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல நாள் பார்த்துக் கேட்பார்கள். கேட்காமலேயே பரண்மேல் வைத்துக்கொண்டு செத்துப்போனவர்களும் உண்டு.

எது யாருடையது என்று கடைக்காரர்களுக்குத் தெரியாது. பெற்றவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாய் ரசஞ்சாதத்தைப் பிசைந்து குழல் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தகப்பன் ஒவ்வொரு துப்பாக்கியின் முன்னாலும் நின்று, ஏன்டா இவ்வளவு லேட்டு என்று அதட்டிக்கொண்டே போனார். எது முனையைத் தாழ்த்துகிறதோ அது அவருடையது.

ரெபேக்காளுக்கு அவள் வழி. எபிக்குச் சின்னதில் முதுகைச் சொறிந்துவிட வேண்டும், அப்போதுதான் தூங்குவான். தூங்கிவிட்டால் மடியில் கல்லாய்க் கனப்பான். அவள் ஒவ்வொரு துப்பாக்கியாக மடியில் போட்டு அடிப்பக்கத்தை நகத்தால் மெல்லச் சொறிந்துவிட்டாள். கனக்காதவற்றைத் திரும்ப வேட்டியில் கிடத்தி, யார் பெற்றதோ, அவர்கள் கையில் சேரட்டும் என்று சொல்லி நகர்ந்தாள். சம்பூரணம் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். வெயில் ஏறியது. கால் வீங்கியது. உட்காருடி, நாளைக்கும் சந்தை இருக்குது என்றாள் சம்பூரணம். ரெபேக்காள் உட்காரவில்லை.

ராட்டினத்துக்குப் பக்கத்துக் கடையில், துருப்பிடித்து ஓரமாகக் கிடந்த ஒன்று கனத்தது.

முதலில் அவள் நம்பவில்லை. சொறிவதை நிறுத்தினாள். கனம் குறைந்தது. மறுபடி சொறிந்தாள். மெல்ல மெல்லத் தொடை மரத்துப்போகிற அளவுக்குக் கனத்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சம்பூரணத்திடம் கொடுத்தாள். பிள்ளையை மாற்றிக் கொடுப்பதுபோலத் தலைப்பக்கம் தாங்கிக் கொடுத்தாள். நீ பேசி முடி, நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வந்துடறேன் என்று ஷாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

சம்பூரணம் கடைக்காரரிடம் துருவைக் காட்டிப் பேசினாள், கீறலைக் காட்டிப் பேசினாள். கடைக்காரர் இறங்கிவரவில்லை. பேசிக்கொண்டே இருந்தவளின் கை பழக்கத்தில் கட்டையைத் தட்டியது. காதோரம் கொண்டுபோனது. குலுக்கியது. விரல் எங்கே பட்டதென்று அவளுக்கே தெரியாது.

ரெபேக்காள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது சம்பூரணம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். துப்பாக்கி அவள் கையில் முருங்கைக்காய்போல இலேசாக இருந்தது.

"ரெபேக்கா, நான் வேணும்னு செய்யலடி" என்றாள். எபியின் குரலில் சொன்னாள். காலையில் எழுந்ததும் இருக்குமே, அந்தக் கரகரப்போடு.

ரெபேக்காள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"எதையாவது. அதை மட்டும் சொல்லாதே."

கடைக்காரர் இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டார். பொருள் உங்களுதுதாம்மா, இருக்கற இடம்தான் மாறிப்போச்சு என்றார். வெறும் கட்டையை ராட்டினக்காரர் முட்டுக் கொடுக்கக் கேட்டிருந்தாராம், கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ரெபேக்காளுக்கு எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் திடலைச் சுற்றினார்கள். கடைப் பலகைகளைப் படிக்கச் சொன்னாள், சம்பூரணம் படித்தாள். அப்பளக் கடையில் விலை கேட்கச் சொன்னாள், கேட்டாள். மிளகாய்த்தூள் தூக்கலாப் போடுங்கண்ணா என்று அந்தக் குரல் சொன்னபோது ரெபேக்காள் தூணுக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எபிக்குக் காரம் ஆகாது.

பிறகு நிழலில் உட்கார்ந்தார்கள். வாயோயாமல் பேசுகிற சம்பூரணம் இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கி எடுத்தாள். அது தெரியாமல் வெளியே வந்துவிடக் கூடாதே என்று பயந்தாள்.

"பெரிய பேச்செல்லாம் இல்லடி. வீட்ல பேசற பேச்சுதான்."

ரெபேக்காள் இத்தனை நாளும் நினைத்ததெல்லாம் வேறு. ஆண்டவரே என்றிருப்பான், அல்லது வலிக்குது என்றிருப்பான், அல்லது தனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பேரைச் சொல்லியிருப்பான் என்றெல்லாம்.

"என்கிட்டயா சொன்னான்?"

"உன்கிட்டதான்."

"அப்ப இருக்கட்டும். உன்கிட்டயே இருக்கட்டும்."

சம்பூரணம் தன் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டாள். ராத்திரி அவருக்குச் சோறு போட்டு இந்தக் குரலில் கூப்பிட்டால் அவர் என்ன நினைப்பார் என்று கேட்டாள். எபியைத் தோளில் தூக்கி ஊரெல்லாம் காட்டினவர்தானே, ஒன்றும் நினைக்கமாட்டார் என்றாள் ரெபேக்காள். வெளிநாட்டிலிருந்து என் பிள்ளை போன் பண்ணினால் என்றாள். ரெபேக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, வெச்சிக்கறேன்" என்றாள் சம்பூரணம்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் ரெபேக்காளுக்குப் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சம்பூரணம் ஊர்ப் பேரைச் சொன்னதும் அவளை நிமிர்ந்து பார்த்து, ஆண்களுக்கு டிக்கெட் எடுக்கணும் என்றார். ரெபேக்காள் எடுத்தாள். யாருக்கு என்றார். பையனுக்கு என்றாள். ஆண்கள் பெண்கள் இருக்கையில் உட்காரக் கூடாது என்பதால் சம்பூரணம் எழுந்து பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நின்றிருந்தவர்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார் என்று அந்தக் குரல் யாரிடமோ சொல்வது முன்னால் கேட்டது.

ரெபேக்காள் ஜன்னலோரம் சாய்ந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுவது அவளுக்கு எபியோடு போய்வந்த நாளிலிருந்தே உண்டு. பாலம் தாண்டியது தெரியாது, பால் பண்ணை தாண்டியது தெரியாது. ஊர் எல்லை வந்ததும் சம்பூரணம் கூட்டத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ரெபேக்காளின் தலை கம்பியில் இடித்துக்கொண்டிருந்தது. பஸ் வேகம் குறைந்தது. சம்பூரணம் உதட்டைக் கடித்தாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தாள். பஸ் நின்றுவிட்டது.

"அம்மா, எழுந்திரும்மா. எடம் வந்துடுச்சி."

ரெபேக்காள் கண்ணைத் திறந்து, "வரேன்டா" என்றாள்.

சம்பூரணம் கூட்டத்தை விலக்கி முன்னால் வர, இருவரும் முன்படியில் இறங்கினார்கள். "பையை எடுத்துக்கிட்டியாடி" என்று சம்பூரணம் கேட்டாள். அவளுடைய சொந்தக் குரல்தான், தகரத்தைத் தட்டினாற்போல. கேட்டுவிட்டு அழுதாள். ரெபேக்காள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வீட்டுப் பேச்சுதான்னு சொன்னியே, ஆமா, வீட்டுப் பேச்சுதான் என்றாள்.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. கண்டக்டர் பின்வாசலைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட் எடுத்தவர் இறங்கட்டும் என்று டிரைவருக்குச் சொன்னார். நின்றிருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். யாரும் இறங்கக் காணோம், பின்படி மட்டும் ஒரு தரம் அமுங்கி எழுந்தது. கண்டக்டர் விசில் ஊதினார்.

ரெபேக்காள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். காலியான கையைக் கொஞ்சம் நீட்டியபடியே வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.