இரண்டாவது இழுப்பறை

பிரிஸ்பேனுக்கு வெளியே இருக்கும் அந்தச் சிறையில் ஒருத்தன் வழக்கைப் பற்றி இன்னொருத்தன் கேட்கக் கூடாது. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கைதி ரெக்ஸ் ஹாலரன், வந்த முதல் மாதமே யாரிடமோ கேட்டுத் தொலைத்து ஒரு முன்பல்லைப் பறிகொடுத்தவர். அப்புறம் ஒன்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டு புத்தகம் அடுக்குகிறார்.

அதனால்தான் சாலேசியிடமும் எதுவும் கேட்கவில்லை. பசிபிக் தீவான டோங்காவிலிருந்து வந்தவன், கதவகலத்துக்கு ஆள். சிறைச் சலவைக்கூடத்தில் கூலிக்கு இரண்டு ஆள் வேலை பார்ப்பான். கேன்டீனில் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட வாங்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து அவன் நாட்டுக்காரர்கள் நூடுல்ஸும் டின் மீனும் பங்கு போட்டால், தன் பங்குக்கு வைக்க ஒன்றுமில்லாத வெட்கத்தில் எழுந்து போய்விடுவான். கஞ்சப்பிசினாறி என்று எல்லோரும் சிரித்தார்கள். ரெக்ஸும் சிரித்தார். இன்றுவரை அந்தச் சிரிப்புதான் அவரை அறுக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் சாலேசி சவரம் செய்து, தலைவாரி, நூலகத்துக்கு வந்து நின்றான்.

"குடும்ப கோர்ட்டுல மனு போடணும் பெருசு. என் மக அனாசீனிய அவ அம்மா இங்க அனுப்ப மாட்டேங்குறா. கட்டணம் சேர்த்துட்டேன்."

என்ன கட்டணம் என்று ரெக்ஸ் கேட்டார். வெளியே இருக்கும் அத்தை மகன் கோர்ட்டுக்குப் போன் போட்டுத் தொகையை விசாரித்தானாம். கைதிக்காகக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை, குடும்பத்துக்கு அவமானம். சர்ச்சில் எல்லோரிடமும் சாலேசி சுரங்க வேலைக்குப் போயிருப்பதாகத்தான் பேச்சு.

ரெக்ஸ் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். கைதி என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும், கட்டணமே கிடையாது.

"இது எப்ப வந்துச்சு?" என்றான் சாலேசி.

"நான் வந்த நாள்லருந்து இங்கதான் கிடக்கு."

குற்ற உணர்ச்சியில் ரெக்ஸ் மளமளவென்று மனுவை நிரப்பத் தொடங்கினார். பெண்ணின் பிறந்த தேதியைக் கேட்டு எழுதியதும் கை நின்றுவிட்டது. போன வாரம் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. இனி அவள் விஷயத்தில் எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது, அவளாக வந்தால்தான் உண்டு என்று மெதுவாகச் சொன்னார்.

சாலேசி சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். அனாசீனி ஒன்றரை வருஷத்துக்கு முன் எழுதியது. கோர்ட்டில் கேட்டுப் பிள்ளையைப் பார்க்கிற அப்பாக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. கோர்ட் காகிதத்தோடு பதில் போடலாம் என்று அவன் பதிலே போடவில்லை. அதற்குப் பிறகு அவளும் எழுதவில்லை.

ரெக்ஸ் கடிதத்தை மடித்து அவனிடம் நீட்டினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"நீயும் கேக்கலையே பெருசு." குரலில் கோபம் இல்லை. "இப்ப அவளுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. எனக்கு எழுத்து வராது. ரெண்டு வருஷமா சேர்த்தேன்னு எழுது. சும்மாவே கிடைச்சிருக்கும்ங்கறத மட்டும் எழுதாத."

ரெக்ஸ் அவன் சொன்னபடியே எழுதினார். நாக்கு தன்னால் அந்தப் பல் போன இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் இன்னொரு பல் போயிருக்கும், அவ்வளவுதானே என்று தோன்றியது.