ஹாலுக்குள் ஓர் ஊர், ஓர் ஆள் குறைவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு பெண்மணி காணாமல் போகிறார். அவரைக் காணாமல் ஆக்கியவன் நான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு சாக்பீஸ், கொஞ்சம் திமிர், முப்பத்துமூன்று வருட உத்தியோகப் பழக்கம், அவ்வளவுதான்.

நான் நில அளவையர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. சர்வீஸில் ஒரு சென்டிமீட்டர் கூட்டிச் சொன்னாலும் இரண்டு குடும்பம் அரிவாளைத் தூக்கும். அந்தப் பயத்தில் உள்ளதை உள்ளபடியே சொல்லிச் சொல்லி வாய் செத்துப்போயிருந்தது. ரிடையரான மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து, "நேத்து என் பிரிவு உபசாரத்துக்கு ஐயாயிரம் பேரு" என்றேன். யாரும் சங்கிலி போட்டு அளக்கவில்லை. அந்தச் சுகத்தில் எழுத்தாளனாகிவிட்டேன்.

எழுதுவதை முதலில் படிப்பவர் என் மனைவி திரௌபதி. கணக்கு டீச்சராக இருந்தவர். ஓரத்தில் பென்சிலால், அடைப்புக்குறிக்குள், குறிப்பு எழுதுவார். அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். அழித்தால் சோறு கிடைக்காது.

[வந்தது முப்பத்தெட்டுப் பேர். வடை மிஞ்சிப்போனது. – தி.]

2

முதல் தொடக்கம்: 'மரக்காணத்தைப் புயல் நெருங்கிக்கொண்டிருந்த அந்த மதியம், கரிய வானம் ஒரு பெரும்–'

விட்டுவிட்டேன். வானம் கரியதாக இல்லை. சாயம் போன கைலி மாதிரி இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: 'ஓர் ஊர் என்பது உண்மையில் பல ஊர்களின்–'

இதையும் விட்டேன். இப்படித் தொடங்குகிற கட்டுரைகளை நானே படிப்பதில்லை.

மூன்றாவது நின்றது: பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் நாலாயிரம் பேரைக் கொண்டுவந்து தங்கவைத்திருந்தார்கள்.

[312.]

சரி, முந்நூற்றுப் பன்னிரண்டு. இந்த ஓர் இடத்தில் அவர் எண்ணிக்கைதான் கதைக்கும் வேண்டும்.

3

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிழக்கே கடல். கரையோர மணல்மேட்டில் மீனவர் குப்பம். அதற்கு இப்பால் தரை இறங்கி, கண் கூசுகிற வெள்ளையில் உப்பளம். அதை ஒட்டிய தாழ்வில் உப்பளத் தெரு. பிறகு தரை ஏறி ஈ.சி.ஆர். ரோடும் கடைத்தெருவும். இன்னும் ஏறினால் தாலுகா ஆபீஸ் பக்கம், எங்களைப் போன்ற பென்ஷன்காரர்கள். வானூர்ப் பக்கமாகப் போனால் நிலபுலம் வைத்திருப்பவர்கள். கீழ்புத்துப்பட்டுப் பக்கமாகப் போனால், கடலைப் பார்த்து நாற்காலி போட்ட ரிசார்ட்டுகள்.

என் வாழ்நாள் கண்டுபிடிப்பு இது: இந்த ஊரில் வருமானம் தரைமட்டத்தோடு சேர்ந்து ஏறுகிறது. லெவல் கருவி வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். ஓரடி உயர்ந்தால் கீற்று ஓடாகிறது. இரண்டாவது அடியில் ஓடு மாடியாகிறது. மூன்றாவது அடியில் மாடியில் ஏ.சி. நான்காவது அடியில் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில். குப்பம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. மேட்டில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே வருமானத்தைக் கடல் தினம் காலையில் புதிதாக முடிவு செய்கிறது.

[அமெரிக்கா தப்பு. நம் பையன் ஓசூரில் இருக்கிறான்.]

4

புயல் அன்று நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன், திரௌபதி சமையல்கட்டுக்கு. ஹாலுக்குள் நுழைந்ததும் கூச்சமே இல்லாமல் சிரித்துவிட்டேன். யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை; ஆனால் ஜனங்கள் ஊர் வரைபடத்தை அப்படியே தரையில் விரித்துவிட்டிருந்தார்கள்.

குப்பத்துக்காரர்கள் கிழக்கு ஜன்னல் ஓரம். படகு எஞ்சின்களைக் கழற்றி, கைக்குழந்தை மாதிரி சேலையில் சுற்றி மடியருகே கிடத்தியிருந்தார்கள். கடைத்தெரு வாசலை ஒட்டி, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், மெத்தென்ற ஜமக்காளங்களோடும் பிஸ்கட் மூட்டைகளோடும். தாலுகா ஆபீஸ் பக்கம் மேடை மேலே, சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அணைத்துக்கொண்டு. நிலக்காரர்கள் வராந்தாவில் ஆடுகளோடு. ரிசார்ட்டிலிருந்து வந்த மூன்று விருந்தினர்கள், கரண்ட் போன பிறகும், பிளக் பாயின்ட் பக்கத்தைவிட்டு அசையவில்லை. கடைசியாக வந்தவர்கள் உப்பளத் தெருக்காரர்கள். உப்புக் குவியலுக்கு ஓலை போர்த்திவிட்டு வரவேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது தென்மேற்கு மூலை. ஹாலின் தரையும் அங்கேதான் தாழ்வு. கூரை ஒழுகல் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

ஓர் ஊர் என்ன தொழில் செய்கிறது என்று தெரிய அதன் கடைகளைப் பார்க்கவேண்டியதில்லை. புயலுக்கு ஓடிவரும்போது எதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று–

[பிரசங்கம்.]

நிறுத்திவிட்டேன். சாக்பீஸ் எடுத்தேன். தரையில் கோடு கிழித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தெருப் பெயர் எழுதி, மூலையில் வடக்கு காட்டும் அம்புக்குறியும் போட்டேன். ஆள் எண்ணும் பொறுப்பு பூவிழியிடம் இருந்தது. கல்லூரி முடித்த பெண், தன்னார்வலர், படு கறார். "தெருத் தெருவா எண்ணிடு பாப்பா, சுலபம்" என்று சொல்லிக்கொடுத்தது நான்தான்.

5

சாப்பாடு முடிந்த நேரம். கடைத்தெருக் கட்டத்தில் பூவிழி இரண்டு முறை எண்ணினாள்.

"சார், லிஸ்ட்ல நாப்பத்தொண்ணு. இங்க நாப்பத்திரெண்டு வருது."

"அனுமதிக்கப்பட்ட பிழைம்மா. கடைத்தெருன்னா ஒரு கஸ்டமராச்சும் இருப்பான். டிக் போட்டுட்டு வா."

உப்பளத் தெருக் கட்டத்தில் லிஸ்ட்படி ஐம்பத்தேழு. இருந்தது ஐம்பத்தாறு. அங்கே அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் யார் இல்லை என்பது தெரிந்துவிட்டது: தெய்வநாயகி. பை இருக்கிறது, போன் பைக்குள் இருக்கிறது, ஆள் இல்லை. முன்னாலேயே அக்கம்பக்கத்தாரோடு வந்துவிட்டவர். கணவர் அரசப்பன் ஓலை கட்டிவிட்டு அப்போதுதான் நனைந்துகொண்டே உள்ளே வந்திருந்தார். இரண்டு பேருமாகக் குத்தகைக்கு எடுத்து உப்பு வாருகிறார்கள்.

பூவிழி தொண்டை கிழியக் கூப்பிட்டாள். மைக் இல்லை, ஆடுகள் பதில் சொல்லின. மூலையைத் தேடினோம், கழிப்பறை, சமையல்கட்டு, மறுபடியும் அதே மூலை.

6

இங்கே ஒரு சந்தேகம். தெய்வநாயகியை எப்படி எழுதுவது?

முதல் பிரதியில், 'வியர்வையின் உப்பும் கண்ணீரின் உப்பும் ஒன்றாய்க் கலந்த' என்று எழுதியிருந்தேன். திரௌபதி தாளே கிழியும்படி அடித்திருந்தார். நியாயம். தெய்வநாயகி அழுது நான் பார்த்ததில்லை. ஒருமுறை அவர்களுடைய பாத்தியை அளக்கப் போனபோது வரப்பு கோணல் என்றேன். "வரப்பு நேராத்தான் இருக்குது சார். நீங்கதான் வெயில்ல கோணலா நிக்கிறீங்க" என்றார். அளந்தேன். வரப்பு நேர்.

அப்படிப்பட்டவர் காணாமல் போவதை நம்பக் கஷ்டமாக இருந்தது. அரசப்பனுக்கு அப்படி இல்லை.

"என்னத் தேடிக்கினு உப்பளத்துக்குப் போயிருப்பா. ஒரு மணிக்கு வர்றேன்னு சொன்னேன், லேட்டாயிடுச்சு. சும்மா உக்கார்ற ஆளா அவ?"

சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். குப்பத்துச் சிங்காரம் கயிறோடு எழுந்தார்.

"ஏம்பா, நில்லு. நானும் வர்றேன்."

"நீ எதுக்குய்யா?"

"காத்து எனக்குப் பழகின ஆளு. உனக்கு அது பரிச்சயமில்ல."

"சேத்துல நடக்கத் தெரியுமா உனக்கு?"

"நீ தண்ணியில நடந்திருக்கியா? வா."

தடுத்தவர்களை விலக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவைச் சாத்த ஆறு பேர் வேண்டியிருந்தது.

[நான்கு.]

7

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பூவிழி நோட்டை நீட்டினாள்.

"சார், நான் கடைத்தெருவுல நாப்பத்திரெண்டுன்னுதான் போட்டிருந்தேன். நீங்க சொன்னதுக்காகக் கொறைக்கல. எல்லாத் தெருவும் கூட்டினா முந்நூத்திப் பன்னெண்டு. வாசல் ரிஜிஸ்டர்லயும் முந்நூத்திப் பன்னெண்டு."

"அதனால?"

"நாம எண்ணும்போது யாருமே வெளிய போயிருக்கல சார். மொத்தம் சரியா இருக்குது."

ஓர் ஆளை அவர் தெருவில்தான் தேடவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? நானே கிழித்த கோடுதான். கடைத்தெருக் கட்டத்துக்கு ஓடினேன். ஜவுளிக்கடைக்காரர் வீட்டு ஜமக்காளத்தில், காதை மூடிச் சால்வை போர்த்திக்கொண்டு, புயலையே அடக்குகிற குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார் தெய்வநாயகி.

[குறட்டை உண்மை.]

எழுப்பினோம்.

"எங்க மூலையில ஒழுகுது சார். இந்தம்மா, முதுகு வலின்னா இங்க படுன்னாங்க. பொறந்ததுலருந்து உப்பளத் தெரு. ஒரு மத்தியானமாச்சும் கடைத்தெருவுல குடியிருக்கலாம்னு படுத்தேன். அது குத்தமா?"

ஜவுளிக்கடை அம்மா, "பேரு கேக்கலைங்க. நீங்க கூப்பிட்டது உப்பளத் தெரு ஆளைத்தானே, இங்க எதுக்குப் பாக்கறதுன்னு இருந்துட்டேன்" என்றார்.

சிரிப்பு கிளம்பியது. அடங்கியது. தெய்வநாயகி சுற்றிப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு வந்துட்டாரா?"

8

இந்த இடத்தில் கதைக்கு இரண்டு வழி.

ஒன்றை எழுதிப் பார்த்தேன். 'கயிற்றின் ஒரு முனை மட்டும் வரப்பில்–' நல்ல வாக்கியம். பத்திரிகைகள் போடும், பரிசுகூடக் கிடைக்கலாம். கிழித்தேன். ஒரு பரிசுக்காக இரண்டு பேரைக் காற்றில் நிறுத்திவைக்க எனக்கு மனம் வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மூச்சை விடுங்கள். நானும் விட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அவர்கள் வரும்வரையிலான அரைமணி நேரத்தை விடமுடியாது. தெய்வநாயகி கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றார். யாரையும் திட்டவில்லை. என்னிடம் மட்டும் ஒன்று கேட்டார்.

"வரப்புக்கு மேல தண்ணி ஏறியிருக்குமா சார்? நீங்க அளந்தவரு."

எனக்குத் தெரியும். வரப்பின் உயரம் தெரியும், பக்கத்துக் கழுவெளிச் சதுப்பில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பதும் தெரியும்.

"ஏறியிருக்காதும்மா" என்றேன்.

ரிடையரானதிலிருந்து நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான்.

[ ]

இந்த இடத்தில் திரௌபதி அடைப்புக்குறி மட்டும் போட்டிருக்கிறார். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

9

நடந்ததைப் பிறகு சிங்காரம் சொன்னார். வரப்பு தொடங்குகிற இடத்திலேயே முழங்காலுக்கு மேல் தண்ணீர். அரசப்பன் இறங்கப் பார்த்திருக்கிறார். சிங்காரம் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்: "டேய், உன் பொண்டாட்டிக்கு உன்னவிட புத்தி ஜாஸ்தி. இந்தத் தண்ணியில அவ கால வெப்பான்னு நெனைக்கிறியா?" அரசப்பன் யோசித்திருக்கிறார். இருபது வருட சம்சாரத்தில் அதை மறுக்க அவரிடம் ஓர் ஆதாரமும் இல்லை. திரும்பிவிட்டார்கள்.

கதவு திறந்தது. இரண்டு பேரும் உள்ளே விழாத குறையாக வந்தார்கள். அரசப்பன் நிமிர்ந்தார். எதிரே தெய்வநாயகி, யாருடைய சால்வையையோ போர்த்திக்கொண்டு, தூக்கக் கலக்கம் போகாத முகத்தோடு.

அரசப்பன் ஏதோ சொன்னார். நான் சத்தியமாகக் கேட்கவில்லை. காரணம், அந்த நேரம் பார்த்து நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சிங்காரத்தைக் கேட்டேன்: "அது குடும்ப சமாச்சாரம் சார், உங்க நோட்டுக்கு வராது." பூவிழி, "நான் லிஸ்ட்டத் திருத்திட்டு இருந்தேன்" என்கிறாள். தெய்வநாயகியைக் கேட்டால் சிரிக்கிறார்.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அரசப்பன் திட்டினார். அது அவர் குரலாக இல்லை. ஒன்றில் அழுதார், அது என் அழுகை. இன்னொன்றில், "சாப்டியா?" என்றார்; அதை நீங்கள் நூறு கதைகளில் படித்திருப்பீர்கள்.

ஆகவே விட்டுவிடுகிறேன். மனிதர் சொட்டச் சொட்ட நிற்கிறார், அந்தம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். மனிதரைப் பேசவிடுவது இனி உங்கள் வேலை. கொஞ்சம் சீக்கிரம், அவருக்குக் குளிரெடுக்கிறது.