மேற்கு வாசல் அம்மன்

கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம் இட்டிருந்தது. கழுத்தே இல்லாத அந்தக் கல்லுக்கு வேப்பிலை மாலையும் சாத்தியிருந்தது.

காலையில் வேலையிடத்துக்கு வந்த இளநிலைப் பொறியாளர் ஜெயபாரதி, குடையை மடக்கவும் மறந்து அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கல்லை அவள் நன்றாக அறிவாள். புதிய பூங்காவின் மேற்கு வாயில் தூண் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து, சென்ற மாதம் அவளே நட்டுவைத்த அளவைக்கல் அது. அதன் தலையில் உளியால் ஒரு கூட்டல் குறி வெட்டியிருக்கும். இப்போது அந்தக் குறியின்மேல் குங்குமம் அப்பிக் கிடந்தது.

அது எழுபத்திரண்டாம் ஆண்டு, ஆடி மாதம். தியாகராய நகரின் மேற்கு ஓரத்தில், ஏரியாய் இருந்து குப்பைமேடாகிப் போன ஒரு நிலத்தைப் பூங்காவாக்க நகர மன்றம் முடிவு செய்திருந்தது. நிலத்துக்குக் கிழக்கே மாடி வீடுகள் நிறைந்த தெரு. மேற்கே, ரயில் பாதையை ஒட்டிக் குடிசைகள். குடிசைவாசிகளுக்குக் குடிநீர்க் குழாய் கிழக்கே, பள்ளிக்கூடம் கிழக்கே, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரியும் கிழக்கே. இந்த நிலத்தின் குறுக்கேதான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தார்கள். ஆகவே மன்றம் ஏற்றுக்கொண்ட வரைபடத்தில் வாயில்கள் இரண்டு.

ஆனால் வரைபடத்தில் இருப்பதெல்லாம் மண்ணில் வந்துவிடுமா? மாடி வீட்டுத் தெருவின் நலச்சங்கத் தலைவர், ஜவுளிக்கடை சுயம்புலிங்கம், செயற்பொறியாளர் கருணாகரனைப் பலமுறை பார்த்தார். முந்தைய நாள் மாலை கருணாகரன் ஜெயபாரதியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்: “மேற்கு இடைவெளியை நாளைக்கே அடைச்சிடுங்க, மிஸ் ஜெயபாரதி. பூங்காவுக்கு ஒரு கேட் போதும்.”

அடைத்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். சென்ற ஐப்பசி மழையில் நிலம் குளமாகி வழி மறைந்தபோது, குடத்தோடு தண்டவாளத்து ஓரமாகச் சுற்றிப்போன ஒருத்தி மின்சார ரயிலில் அடிபட்டு ஒரு காலை இழந்தாள். ஆப்பக்கடை அன்வரி பேகத்தின் மருமகள் அவள். சுற்றுச்சுவர் எழும்பி முடிந்துவிட்டது. மிச்சம் இந்த இடைவெளி ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டால், குடிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் நாளை முதல் அந்தத் தண்டவாளத்து ஓரமாகத்தான் பள்ளிக்கூடம் போயாக வேண்டும்.

கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். மண்வேலை செய்யும் வெள்ளைச்சாமி மட்டும் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவனும் அந்தக் குடிசைகளில் ஒன்றில் வாழ்கிறவன்.

“வெள்ளைச்சாமி, என்ன இது?”

“ஆத்தா வந்துகீதும்மா. ஆடி மாசம் பாரு, தானா வந்துகீது.”

“தானா வந்துச்சா? நீ குழி தோண்டி, நான் நூல் பிடிச்சு நட்ட கல்லு இது.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “மெதுவா பேசு எஞ்சினியரம்மா. எனுக்குத் தெரியாதா? செவுரு கட்டுன்னு பெரியவரு சொன்னா கட்டிடுவாங்கோ. ஆத்தா குந்திக்கினு இருந்தா எவன் கை வெப்பான்? கொத்தனாருங்கள ஒரே ஒரு செங்கல்லு வெக்கச் சொல்லு, பாப்போம்.”

பக்கத்தில் ஆப்பச்சட்டியை இறக்கிவைத்த அன்வரி பேகம் சிரிப்பை முந்தானையால் மூடினாள். “மஞ்சத்தூளு எங்க வூட்டுதும்மா. அல்லா கோச்சுக்க மாட்டாரு. வழி கேட்டுத்தானே செஞ்சோம்?”

ஜெயபாரதியின் தந்தை ஊர் ஊராக மேடையேறிக் கல்லைக் கல்லென்று சொன்னவர். அதற்காகச் சாணியடியும் கல்லடியும் பட்டவர். அவர் மகள் இப்போது என்ன செய்ய வேண்டும்? அவள் தன் நெஞ்சுக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொய்தான், ஆனால் ஏழைக்கு உதவும் பொய். பூங்காவின் திறப்பு விழா வரை தாங்கினால் போதும். அவள் வாய் திறக்கவில்லை. அறிவுடையோர் வாய் மூடி நிற்கும் நேரம் பார்த்துத்தானே மூடநம்பிக்கை வீடு கட்டிக் குடியேறுகிறது?

அது குடியேற நெடுநேரம் ஆகவில்லை. செய்தி குடிசைகளுக்குள் ஓடியது. பெண்கள் கற்பூரத்தோடு வந்தார்கள். ஒருத்தி கூந்தலை அவிழ்த்து ஆடினாள். வெள்ளைச்சாமியின் மனைவி ஜெயலக்ஷ்மி, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கல்லின்முன் விழுந்தாள். “எம் புள்ளய எழுப்பிக் குடு தாயே, உனுக்குக் கூழு ஊத்தறேன்!” கணவன் நட்ட கல் என்பது அவளுக்குத் தெரியாது. வெள்ளைச்சாமியின் சிரிப்பு மெல்லச் சுருங்கியது.

அப்போதுதான் கார் வந்து நின்றது. முன்னால் கருணாகரன், பின்னால் சுயம்புலிங்கம். கருணாகரன் முகம் கடுகடுத்தது. சுயம்புலிங்கமோ செருப்பைக் காருக்குள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கி நேரே வந்து, கல்லின்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எழுந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன, அது நடிப்பில்லை. “தாயி எங்களத் தேடி வந்திருக்கா. சும்மா விட முடியுமா? கோயில் கட்டுதேன். அவ்வளவும் எஞ் செலவு.”

குடிசைப் பெண்கள் குலவையிட்டார்கள்.

“இந்த இடைவெளி முழுக்க வார மாதிரி கட்டுவோம்,” என்று அவர் கைகளை விரித்துக் காட்டினார். “அம்மன் கிழக்கு முகமாத்தான் இருக்கணும். தெருவில இருந்து வாரவுக நேரா கும்பிட்டுக்கிடலாம். பின்சுவர் அங்கிட்டு வந்துரும்.” குடிசைகளின் பக்கம் கையை வீசினார். “என்ன சார் சொல்லுதீய? உங்க சோலியும் முடிஞ்சுபோவும்.”

கருணாகரனின் கடுகடுப்பு மறைந்தது. “அருமையான யோசனை. சுவர் கட்டினா நாளைக்கு எவனாவது மனு கொடுப்பான். கோயிலுக்கு எதிரா எவன் மனு கொடுப்பான்?”

வெள்ளைச்சாமி வெளிறிப்போனான். வழியைக் காக்க அவன் உட்காரவைத்த தெய்வம், வழியின்மேலேயே உட்கார்ந்துவிட்டது. சுவரை இன்னொரு அதிகாரி வந்து இடிப்பார். கோயிலை இடிக்க இந்த நாட்டில் எவன் பிறந்திருக்கிறான்? அவன் மெல்ல ஜெயபாரதியை நெருங்கினான். “எஞ்சினியரம்மா, இன்னாமா இது இப்பிடி ஆயிடுச்சு? எதுனா செய்யும்மா.”

“நீ சொல்லு, நீ நட்ட கல்லுன்னு.”

“சொன்னா எம் பொண்டாட்டியே என்னைக் கொன்னுடுவா.”

ஜெயபாரதி கொத்தனார் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அள்ளினாள். கூட்டத்துக்குள் நடந்தாள். எவரும் தடுக்கவில்லை, அபிஷேகம் செய்கிறாள் என்றே நினைத்தார்கள். தண்ணீர் கல்லின்மேல் விழுந்தது. மஞ்சள் கரைந்து ஓடியது. அவள் குனிந்து, தன் புடவைத் தலைப்பால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள்.

குலவை நின்றது.

“பாருங்கள்!” என்றாள். “இந்தக் குறி உளியால் வெட்டியது. வெட்டச் சொன்னவள் நான். இது அம்மனும் அல்ல, அவதாரமும் அல்ல. உங்கள் வாசல் இங்கே என்று காட்ட நான் நட்ட கல். உங்கள் வாசலுக்கு அடையாளம் காட்டிய கல்லையே உங்கள் வாசலுக்குப் பூட்டாக்கப் பார்க்கிறார்கள். நீங்களோ அதற்குக் குலவை இடுகிறீர்கள்!”

“ஏம்மா, நாக்கு அழுகிரும்!” என்று சுயம்புலிங்கம் கத்தினார். பின்வரிசையிலிருந்து பறந்து வந்த மண்ணாங்கட்டி ஒன்று ஜெயபாரதியின் தோளில் பட்டுச் சிதறியது. ஜெயலக்ஷ்மி பாய்ந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“பாவி! ஆத்தா மேல கை வெச்சிட்டியே! எம் புள்ள தலைல வுளும்டி அது!”

“விழுந்தால் என் தலையில் விழட்டும். கடப்பாரையை எடு, வெள்ளைச்சாமி.”

அவன் அசையவில்லை. அத்தனை கண்களும் அவன்மேல் இருந்தன. அன்வரி பேகம் ஆப்பக் கரண்டியோடு எழுந்து நின்றாள்.

“டேய் நைனா, சொல்லித் தொலைடா! மஞ்சத்தூளு என்னுது, கல்லு உன்னுது. எம் மருமவ ஒத்தக் கால்ல நிக்கறா. இன்னும் எத்தினி காலு ஓணும் உனுக்கு?”

வெள்ளைச்சாமி மனைவியைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துச் சொன்னான். “நான்தான்டி நட்டேன். மஞ்சளும் நான்தான் பூசினேன். செவுரு வரக் கூடாதுன்னுதான்.” பிறகு கடப்பாரையை எடுத்தான். முதல் குத்து விலகிப்போயிற்று. இரண்டாவது குத்து கல்லின் அடியில் இறங்கியது. கல் சாய்ந்தது; புரண்டது; கிடந்தது. இடி இடிக்கவில்லை. ஆடிக் காற்று மட்டும் வேப்பிலையைப் புழுதியில் இழுத்துக்கொண்டு போயிற்று.

கருணாகரன் தொண்டையைச் செருமினார். “நல்லதாப் போச்சு. சாமியும் இல்லை, கோயிலும் இல்லை. மேஸ்திரி, சுவரை எழுப்புங்க.”

கொத்தனார்கள் கரண்டியை எடுத்தார்கள். கூட்டம் ஒரே வாயாக மூச்சிழுத்தது. கல் இருந்தவரை தடை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இவள் என்ன செய்துவிட்டாள்?

ஜெயபாரதி குழியின் விளிம்பில் போய் நின்றாள். “மேஸ்திரி, கலவை தயாரா இருக்கா?”

“செவுத்துக்குப் போட்டது கீதும்மா.”

“தூணைத் தூக்கிட்டு வாங்க.”

வாயில் தூணுக்கென்று வாங்கிய பழைய தண்டவாளத் துண்டுகள் இரண்டு சுவரோரம் கிடந்தன. ஒருவரும் நகரவில்லை.

“நான் சொன்னது சுவர்,” என்றார் கருணாகரன்.

“வரைபடம் சொல்வது வாயில், சார். அளவைக்கல்லை எடுத்தால் அந்த இடத்தில் தூணை நடுவதுதான் வேலை முறை. மன்றம் ஏற்ற வரைபடத்தை மாற்ற வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள். உங்கள் கையெழுத்தோடு கொடுங்கள். இதே இடத்தில் நானே முதல் செங்கல்லை வைக்கிறேன்.”

“எழுதிக் குடுங்க சார், எதுக்கு யோசிக்கீய?” என்றார் சுயம்புலிங்கம்.

கருணாகரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதினால் அவர் பெயரோடு நிற்கும். மன்றத்தில் ஒருவர் எழுந்து, யார் மாற்றியது என்று கேட்டால்? பேனாவின் முள் வெயிலில் மின்னியது. வெள்ளைச்சாமி கடப்பாரையை விடாமல் பிடித்திருந்தான்.

கருணாகரன் மூடியைத் திருகி மூடினார்.

“உங்களுக்கு இங்கே வேலை இன்னையோட சரி, மிஸ் ஜெயபாரதி. நாளைக்கு வேற வட்டத்துக்குப் போயிடுங்க.”

“சரி, சார். இன்றைக்கு மாலை வரை இந்த இடத்துக்குப் பொறியாளர் நான்தானே?”

அவர் காரில் போய் ஏறினார். காரின் கதவு அறைந்து மூடியது. சுயம்புலிங்கம் மட்டும் சற்று நின்று, கிடந்த கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

“இன்னாத்த வேடிக்கை பாத்துக்கினு நிக்கறீங்கோ? தூக்குங்கடா!” என்றாள் அன்வரி பேகம்.

கொத்தனார்களும் குடிசைக்காரர்களும் சேர்ந்து தண்டவாளத் துண்டைத் தூக்கினார்கள். கல் இருந்த குழியிலேயே அது இறங்கியது. ஜெயபாரதி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்தாள். சுவருக்குப் போட்ட கலவையில் ஜல்லி சேர்த்துக் குழியில் கொட்டினார்கள். இறுகும்வரை தூண் சாயாமல் பிடிக்க ஆள் வேண்டும். கோல் ஊன்றி வந்த அன்வரி பேகத்தின் மருமகள், கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரு கைகளாலும் தூணைப் பற்றிக்கொண்டாள்.

இரண்டாவது தூணும் நின்றபோது, ஜெயலக்ஷ்மி பிள்ளையோடு எதிரே வந்தாள். முகத்தில் கோபம் ஆறவில்லை.

“எம் புள்ளைக்கு இன்னானா ஆச்சு, உன்னைத்தான் வந்து கேப்பேன்.”

“கேளு. கட்டாயம் கேளு,” என்றாள் ஜெயபாரதி. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. “ஆனால் அதுக்கு முன்னால டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டு ஓடு. மூடறதுக்குள்ள போயிடலாம். வழி இருக்கு.”

ஜெயலக்ஷ்மி அவளையும் தூண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். புழுதியில் கிடந்த கல்லை ஒருமுறை பார்த்தாள். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஈரம் காயாத இரண்டு தூண்களுக்கும் நடுவே நுழைந்து, கிழக்கே ஓடத் தொடங்கினாள்.